அந்தமான் 6 இரவு: ஏஜென்ட் தந்த திட்டம் சரியா? வயசான அப்பா, அம்மை, 2 பிள்ளைகளோட போறோம்

பார்வதிபுரம்_குமார்

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசியில, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிஞ்சதும் நாகர்கோவில்ல இருந்து அந்தமான் போகலாம்னு இருக்கோம். நாங்க ரெண்டு பேரு, அப்பா (70), அம்மை (66, முட்டு வலி உண்டு, படி மெதுவாத்தான் ஏறுவா), மகளுக்கு 13, மகனுக்கு 9. அப்பாவுக்கு ஜெயிலும் சரித்திரமும்தான் முக்கியம். பிள்ளைகளுக்குக் கடலுக்கு அடியில போய்ப் பார்க்கணும்.

ஏஜென்ட் தந்த திட்டம் இதுதான். திங்கள் காலையில போர்ட் பிளேர் இறங்கி, மதியம் செல்லுலார் ஜெயில். செவ்வாய் பாராடாங் (சுண்ணாம்புக் குகை). புதன் காலையில ராஸ் தீவு, மதியம் கப்பல்ல ஹேவ்லாக். வியாழன் ராதாநகர் கடற்கரை, எலிஃபண்ட் பீச். வெள்ளி நீல் தீவு. சனி காலையில நீல்ல ஸ்கூபா (காத்து உருளை மாட்டிக் கடலுக்கு அடியில இறங்குறது), மதியக் கப்பல்ல போர்ட் பிளேர். ஞாயிறு காலை 7 மணிக்கு விமானம்.

இது நடக்குமா? எதை எடுக்கணும், எதை மாத்தணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொளச்சல்_கடலோரம்

குமார் அண்ணே, இந்தத் திட்டத்துல ரெண்டு இடம் பூட்டின கதவு. செல்லுலார் ஜெயிலுக்குத் திங்கள் விடுமுறை, நம்ம பத்மநாபபுரம் அரண்மனை மாதிரியே. ராஸ் தீவுக்குப் புதன் விடுமுறை. ரெண்டையும் சரியா மூடுற நாள்லயே போட்டிருக்காரு. அப்பாவுக்கு எது முக்கியமோ அதுவே கைவிட்டுப் போகும்.

வரிசையைத் தலைகீழா மாத்துங்க. கடல் முதல்ல, சரித்திரம் கடைசியில. அந்தமான்ல எந்தப் பயணத்துக்கும் நான் இதைத்தான் சொல்லுவேன். ரெண்டு காரணம். ஒண்ணு, காற்று எழும்பினா கப்பலை நிறுத்திருவாங்க. ஏப்ரல்ல கடல் பொதுவா அமைதிதான், ஆனாலும் திடீர்னு ஒரு காற்றழுத்தம் உருவானா அன்னைக்கு ஓட்டம் ரத்து. சனி மதியம் நீல்ல மாட்டிக்கிட்டா ஞாயிறு காலை விமானம் போச்சு. சனிக்கிழமை போர்ட் பிளேர்ல இருந்தீங்கன்னா, வெள்ளிக் கப்பல் ஓடாட்டாலும் ஒரு நாள் கையில இருக்கும். ரெண்டாவது, ஸ்கூபா முடிஞ்ச உடனே விமானம் ஏறக் கூடாது. ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேல போனா 18 மணி நேரம் இடைவெளி வேணும். நிறைய டைவ் கடைக்காரங்க 24 மணி நேரம்னே சொல்லுவாங்க. உங்க திட்டத்துல அது இழுத்துப் பிடிச்சா ஒத்துவரும், ஆனா அதுக்குள்ள எதுக்கு நெருக்கிக்கிட்டுப் போகணும்?

இப்படிப் போடுங்க. திங்கள் இறங்கி ஓய்வு, மதியம் சாத்தம் மரமில் (அதுக்கு ஞாயிறுதான் விடுமுறை, திங்கள் திறந்திருக்கும்). செவ்வாய் காலைக் கப்பல்ல ஹேவ்லாக், சாயங்காலம் ராதாநகர். புதன் எலிஃபண்ட் பீச்சும் ஸ்கூபாவும். வியாழன் நீல். வெள்ளி மதியம் போர்ட் பிளேர். சனி காலையில ராஸ், மதியம் ஜெயில், இருட்டினதும் அங்கேயே ஒலி-ஒளிக் காட்சி. ஞாயிறு விமானம். பாராடாங்கை எடுத்துருங்க. அதைப் பத்தி வேற யாராவது விரிவா எழுதுவாங்க.

பேரு மாறினதையும் கவனிங்க. போர்ட் பிளேர் இப்போ ஸ்ரீ விஜயபுரம் (2024-ல மாத்தினாங்க). ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப், ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப், இந்த மூணும் 2018-ல. கப்பல் டிக்கெட்ல புதுப் பேருதான் இருக்கும். ஆட்டோக்காரர்கிட்ட பழைய பேரே போதும்.

இன்னொண்ணு, பொழுது. அந்தமான் நமக்குக் கிழக்கே ஏறக்குறைய 15 பாகை தள்ளி இருக்கு, கடிகாரம் மட்டும் அதே இந்திய நேரம். அதனால சூரியன் நம்ம ஊரைவிட ஒரு மணி நேரம் முந்தி உதிக்கும், முந்தி மறையும். ஏப்ரல் கடைசியில காலை 5 மணிக்கெல்லாம் நல்ல வெளிச்சம், சாயங்காலம் ஐந்தரை தாண்டினதும் சூரியன் போயிரும். கன்னியாகுமரியில ஆறரைக்கு அஸ்தமனம் பார்க்கிற கணக்குல ராதாநகருக்கு ஆறு மணிக்குப் போனா இருட்டைத்தான் பார்க்கணும். நாலு மணிக்கே அங்க இருக்கணும்.

தக்கலை_டீச்சர்

அப்பாவுக்காக ஜெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே எதைப் பார்க்கிறோம் என்பது பிடிபடும்.

1857 எழுச்சிக்குப் பிறகு, 1858 மார்ச்சில் முதல் தொகுதிக் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போது செல்லுலார் ஜெயில் கிடையாது. அதைக் கட்டத் தொடங்கியது 1896-ல், முடிந்தது 1906-ல். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போல 7 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 3 மாடி, மொத்தம் 693 அறைகள். இப்போது நிற்பவை 3 கட்டடங்கள் மட்டுமே. வளாகத்தை ஒட்டி ஒரு அரசு மருத்துவமனை இருப்பதைப் பார்ப்பீர்கள். இடிந்துபோன கட்டடங்களின் இடத்தில் வந்தது அது. 1979-ல் ஜெயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள்.

பிள்ளைகளுக்கு இரண்டு விஷயங்களைக் காட்டுங்கள். ஒன்று தாழ்ப்பாள். கதவுக்கு நேராகப் பூட்டு இருக்காது. இரும்புத் தண்டு கதவிலிருந்து நீண்டு, பக்கச் சுவரில் குடைந்த ஒரு மாடக்குழிக்குள் போய் முடியும். பூட்டு அந்தக் குழிக்குள்தான். கம்பி இடுக்கு வழியாக உள்ளேயிருந்து கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. மகளை உள்ளே நிற்க வைத்துக் கையை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். இரண்டாவது, கட்டடங்கள் நிற்கும் வாட்டம். ஒரு கட்டடத்தின் முன்பக்கம் அடுத்ததன் முதுகைப் பார்த்தே இருக்கும். எதிரே ஒரு முகம் தெரியாது, சைகை காட்டவும் வழியில்லை. தனிமையையே தண்டனையாக்கிக் கட்டிய கட்டடம் அது.

முற்றத்துக் கொட்டகையில் செக்கு இருக்கிறது. மாட்டுக்குப் பதிலாக மனிதரைப் பூட்டி ஆட்ட வைத்தார்கள். தேங்காய் எண்ணெய் என்றால் ஒருவருக்கு நாளுக்கு 30 பவுண்டு, ஏறக்குறைய பதின்மூன்றரை கிலோ. நம் மாவட்டத்தில் செக்கு ஆட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. வாசலுக்கு எதிரே உள்ள பூங்காவில் இங்கே உயிர்விட்டவர்களின் சிலைகள் உண்டு. 1933 உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாக உணவு புகட்டியதால் இறந்த மகாவீர் சிங், மோகித் மைத்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் மூவரும் அதில் இருக்கிறார்கள். பலரும் அந்தப் பக்கம் திரும்பாமலே ஆட்டோ ஏறிவிடுகிறார்கள். தயவுசெய்து பத்து நிமிடம் அங்கே ஒதுக்குங்கள்.

அம்மாவின் முட்டுக்கு: தூக்குமேடை, செக்குக் கொட்டகை, கீழ்த்தள அறைகள், படக்காட்சி எல்லாமே தரைமட்டத்தில்தான். சாவர்க்கர் அறைக்கும் கோபுர மாடிக்கும் மட்டுமே படி ஏற வேண்டும். அம்மா கீழே நிதானமாகப் பார்க்கட்டும், மற்றவர்கள் ஏறி வரலாம். மதியம் உணவு இடைவேளைக்கு மூடுவார்கள், மாலையிலும் சீக்கிரமே அடைத்துவிடுவார்கள். அதனால் ராஸைக் காலையிலேயே முடித்துவிட்டு, இடைவேளை முடிந்து திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஒலி-ஒளிக் காட்சிக்குத் தனி டிக்கெட். எந்த மொழிக் காட்சி என்று கேட்டு எடுங்கள். திறந்தவெளியில் உட்கார வேண்டியிருக்கும், கொசு உண்டு, முழுக்கால் உடை நல்லது.

ராஸ் தீவுக்கு அபர்டீன் படகுத்துறையிலிருந்து கால் மணி நேரம்தான். ஆங்கிலேயரின் தலைமையிடம் அங்கேதான் இருந்தது. தேவாலயம், ரொட்டிச் சூளை, ஆணையர் மாளிகை எல்லாவற்றின் செங்கல்லையும் ஆலமர இன வேர்கள் கவ்விப் பிடித்து நிற்கின்றன. 1941 ஜூன் 26 நிலநடுக்கத்தில் பலத்த சேதம். மறு ஆண்டு மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். அவர்கள் கட்டிய பதுங்கு குழி படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாதை ஏற்றமாக இருக்கும், பேட்டரி வண்டி கிடைக்கும், அப்பாவும் அம்மாவும் அதில் போகட்டும். ஆங்கிலேயர் கல்லறைகளைப் பார்க்கும்போது, நம் உதயகிரிக் கோட்டையில் இருக்கும், டச்சுக் கம்பெனியிலிருந்து வந்து திருவிதாங்கூர் படைத்தளபதியான டிலனாயின் கல்லறையைப் பிள்ளைகளுக்கு நினைவுபடுத்துங்கள். கடல் கடந்து வந்தவர்களின் கதை இரண்டு இடத்திலும் எவ்வளவு வேறாக முடிந்தது என்று அவர்களே கேட்பார்கள்.

1943 டிசம்பர் 30-ல் நேதாஜி போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றினார். தீவுக்கு அவர் பெயர் வந்த பின்னணி அதுதான். ஆனால் ஜப்பானியர் ஆண்ட அந்த மூன்றரை ஆண்டுகளில் தீவு மக்கள் பட்ட பாடும் சிறிதல்ல. அப்பாவோடு பேசும்போது இரண்டையும் சேர்த்தே பேசுங்கள்.

பார்வதிபுரம்_குமார்

ரொம்ப நன்றி அண்ணே, டீச்சர். விடுமுறை நாளை ஏஜென்ட் சொல்லவே இல்ல. திட்டத்தை மாத்தச் சொல்லிட்டேன். கடல் பக்கம் இன்னும் கொஞ்சம் சொல்லுங்க. எங்க ஆருக்கும் நீச்சல் தெரியாது. 9 வயசுக்காரனை ஸ்கூபாவுக்கு விடுவாங்களா? நீல்ல பாறைப் பாலம்னு ஒண்ணு இருக்காமே, அதுக்கு அம்மையைக் கூட்டிட்டுப் போகலாமா?

முட்டம்_அலை

குமார் அண்ணே, மகனை விட மாட்டாங்க. ஸ்கூபாவுக்குக் குறைஞ்ச வயசு 10. மகளுக்கு 13, நீங்க கையெழுத்துப் போட்டா போகலாம். நீச்சல் தெரியணும்னு இல்ல. முதல் தடவை போறவங்களைப் பயிற்சியாளர் ஒருத்தர் கையைப் பிடிச்சே கூட்டிட்டுப் போவாரு, 12 மீட்டருக்குக் கீழே இறக்க மாட்டாங்க. சளி, மூக்கடைப்பு, காதுவலி இருந்தா அன்னைக்குப் போகவே கூடாது. ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு இருந்தா படிவத்துல மறைக்காம எழுதணும், டாக்டர் சொல்லாம இறங்கக் கூடாது.

பெரும்பாலும் கோளாறு வர்றது காதுலதான். இறங்க இறங்கத் தண்ணி காதுச் சவ்வை உள்ளே தள்ளும். மூக்கைப் பிடிச்சு, வாயை மூடி, மெதுவா ஊதினா 'பொக்'னு விடும். இதை வலி வர்றதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்யணும். வலி வந்த பிறகு ஊதினா விடாது. அப்படி ஆனா ஒரு மீட்டர் மேலே வந்து திரும்ப ஊதணும். பலம் போட்டு ஊதக் கூடாது. ரெண்டாவது, கீழே மூச்சை அடக்கக் கூடாது. அடக்கிக்கிட்டே மேலே வந்தா நுரையீரல்ல இருக்கிற காத்து விரியும், அது உயிருக்கே ஆபத்து. மகளுக்கு ஊர்லயே இந்த ரெண்டையும் சொல்லிப் பழக்கிட்டா அங்க பயம் பாதியாயிரும்.

மகனுக்கு எலிஃபண்ட் பீச்ல ஸ்நார்கெல் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் வச்சு மேலே மிதந்துக்கிட்டே பார்க்கிறது) போதும். லைஃப் ஜாக்கெட், மிதவை வளையம், கூட ஒரு ஆள், எல்லாம் உண்டு. இடுப்பளவு தண்ணியிலேயே பவளமும் மீனும் தெரியும். மாஸ்க் சரியா இருக்கான்னு பார்க்க, பட்டையைப் போடாம முகத்துல வச்சு மூக்கால லேசா உறிஞ்சணும். கையை எடுத்தாலும் ஒட்டி நின்னா சரி. நெத்தி முடி உள்ளே மாட்டியிருந்தா தண்ணி கசியும். எலிஃபண்ட் பீச்சுக்குப் படகுலயே போங்க. காட்டு வழி ஒரு மணி நேரத்துக்குள்ள நடந்துரலாம், ஆனா கடைசித் துண்டு அலையாத்திக் காட்டுச் சேறு, பெரியவங்களுக்கு ஆகாது.

இனி நம்ம கடற்கரைக்காரங்களே தப்பு விடுற இடம். நம்ம பக்கம் கடல் ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்கு உள்ளேதான், அதனால யாரும் அதைக் கணக்குல எடுக்கிறதில்ல. அந்தமான்ல வாவு நாளை (அமாவாசை, பௌர்ணமி) ஒட்டி ரெண்டு மீட்டர் வரை வித்தியாசம் வரும். அந்த ரெண்டு மீட்டர்தான் அன்னைக்கு நீங்க எங்க போகலாம், எங்க போகக் கூடாதுன்னு முடிவு பண்ணும். நீல்ல வற்றம் வந்தா கரையில இருந்து வெகுதூரத்துக்குப் பாறையும் செத்த பவளமும் வெளியே தெரியும், அப்போ நீந்தவே இடம் இருக்காது. அதே வற்றத்துலதான் பாறைப் பாலத்துக்கு நடந்து போக முடியும். குழிகள்ல தேங்கின தண்ணியில கடல் அட்டை, நண்டு, குட்டி மீன் எல்லாம் பார்க்கலாம். ஏற்றத்துல போனா பாலத்துக்கு அடியில தண்ணிதான். அதனால நீல் போற நாளுக்கு வற்ற நேரத்தை முதல்ல பார்த்து, அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி அங்க போய், தண்ணி திரும்ப ஏறத் தொடங்கினதும் கிளம்பிருங்க. நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிஷம் பிந்திக்கிட்டே போகும், அதனால நேத்து போனவர் சொன்ன நேரம் இன்னைக்கு உதவாது. நேரத்தைத் தங்குற இடத்துலயே கேட்டாலும் சொல்லுவாங்க.

அம்மையைப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போக வேண்டாம். கீழே சமதரையே இல்ல, பாசி பிடிச்ச கூர்ப்பாறை, முட்டு வலிக்காரங்களுக்கு அது சரிவராது. அவங்களுக்கு லட்சுமண்பூர் மணல்கரை போதும், அஸ்தமனமும் அங்க அழகு.

செருப்பு விஷயத்துல கறாரா இருங்க. பாறைக்கு வாரு வச்ச, அடி கனமான செருப்பு வேணும், ஹவாய் செருப்பு வழுக்கும். கடல் முள்ளியோ கல்மீனோ குத்தினா, தாங்குற சூட்டுத் தண்ணியில காலை அரை மணியில இருந்து ஒன்றரை மணி நேரம் வரை வச்சிருந்தா வலி குறையும். கூடவே ஆஸ்பத்திரிக்கும் கிளம்பணும். கூம்பு மாதிரி இருக்கிற அழகான சங்கு உயிரோட கிடந்தா தொடவே விடாதீங்க, விஷ முள்ளு உண்டு. காலையும் சாயங்காலமும் மணல் ஈ கடிக்கும், நீல்ல அதிகம். தேங்காய் எண்ணெயைக் கால்ல கனமாப் பூசினா கடி குறையும், வீட்ல இருந்தே ஒரு பாட்டில் எடுத்துக்கோங்க. சொறிஞ்சா புண்ணாகி வாரக்கணக்குல நிக்கும்.

முதலை எச்சரிக்கைப் பலகை வச்ச இடத்துல தண்ணியில இறங்காதீங்க. அங்க இருக்கிறது உவர்நீர் முதலை, கழிமுகத்துல மட்டுமில்ல, கடல்லயும் நீந்தும். 2010-ல ராதாநகருக்குப் பக்கத்துல நீல்ஸ் கோவ்ல ஸ்நார்கெல் பண்ணின ஒருத்தரை முதலை கொன்னிருக்கு. ராதாநகர்ல உயிர்காப்பாளர் நிக்கிற இடத்துக்கு நேரே மட்டும் இறங்குங்க, வலதுபக்க மூலைக்குப் போகாதீங்க.

மார்த்தாண்டம்_பயணி

பாராடாங் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் எழுதுகிறேன். எல்லா வண்டியும் சேர்ந்து வரிசையாகப் போகும் காலை 6 மணி வாகன அணிக்கு ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் நிற்க, போர்ட் பிளேரிலிருந்து மூன்று, மூன்றரைக்கே கிளம்ப வேண்டும். பிறகு காட்டு வழி, வாகனப் படகு, அலையாத்திக் கால்வாயில் சிறு படகு, அதன்பின் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. அதன் முடிவில்தான் சுண்ணாம்புக் குகை. திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும். 70 வயது அப்பாவையும் முட்டு வலி அம்மாவையும் அப்படி ஒரு நாள் உட்கார வைப்பது நியாயமில்லை.

அதைவிட முக்கியமானது, அந்தச் சாலை ஜாரவா மக்களின் காப்பகத்தின் நடுவே போகிறது. அங்கே வண்டியை நிறுத்துவது, படம் எடுப்பது, சாப்பாடு நீட்டுவது எல்லாம் 1956 பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் குற்றம், சிறை வரை போகும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், 'ஜாரவாவைப் பார்க்கலாம்' என்று ஆசை காட்டி விற்கிற பயணத்துக்கு யாரும் காசு கொடுக்கக் கூடாது. அவர்கள் வீட்டு முற்றம் அது. அந்தமான் பழங்குடிகளைப் பற்றிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நகரத்திலேயே மானுடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. படகு, அம்பு, குடில் மாதிரி எல்லாம் உண்டு. அதற்கும் திங்கள் விடுமுறை, சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறையப் பேர், இட்லி தோசைக் கடை தேட வேண்டியதே இல்லை. அப்பா அம்மாவுக்கு விருப்பமென்றால் வெற்றிமலை முருகன் கோயிலும் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

பார்வதிபுரம்_குமார்

பாராடாங்கை எடுத்தாச்சு. இனி ரெண்டே சந்தேகம். சென்னை போய் விமானம் ஏறுறதா, திருவனந்தபுரத்துல இருந்தே போறதா? அம்மைக்குப் படகுல தலை சுத்தும், பெரிய கப்பலா சின்னக் கப்பலா நல்லது?

கொளச்சல்_கடலோரம்

திருவனந்தபுரத்துல இருந்து சென்னை மாறிப் போறதா இருந்தா ரெண்டு விமானமும் ஒரே பிஎன்ஆர்ல (முன்பதிவு எண்) இருக்கணும். முதல் விமானம் பிந்தினா அடுத்ததுல ஏத்தி விடுற பொறுப்பு அவங்களுடையது. தனித்தனியா எடுத்தா அது கிடையாது. ரயில்ல போறதா இருந்தா எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்துல இறங்குங்க. அங்கிருந்து மின்சார ரயில்ல சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி திரிசூலம், எதிர்ல விமான நிலையம். பெட்டி அதிகம்னா தாம்பரத்துலயே ஒரு டாக்ஸி. ஆனா ரயில் சேர்ற அதே காலையில விமானம் வைக்காதீங்க. ரயில் ரெண்டு மணி நேரம் பிந்தினா எல்லாம் போச்சு, முந்தின நாளே சென்னை போயிருங்க.

கப்பல்ல, தனியார் வேகக் கப்பல் ஹேவ்லாக்குக்கு ஒன்றரையில இருந்து ரெண்டு மணி நேரம். முழுக்க மூடின ஏசி, ஓடும்போது வெளியே வந்து நிக்க முடியாது. தலை சுத்துறவங்களுக்கு அந்த அடைப்புதான் கஷ்டம். அரசுக் கப்பல் அதைவிட மெதுவாப் போகும், ஆனா மேல்தளத்துல காத்தாட நிக்கலாம், கண் தொடுவானத்துல இருந்தா குமட்டல் பாதி அடங்கும். உள்ளூர் மக்களுக்குப் போகத்தான் இடம்ங்கிறதால டிக்கெட் கிடைக்கிறது சிரமம். தனியார்லயே போனா கீழ்த்தளத்துல நடுப்பகுதி சீட்டா கேட்டு வாங்குங்க, முன்வரிசைதான் அதிகமாத் தூக்கிப் போடும். ஆவோமின் மாத்திரை ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், குமட்டல் வந்த பிறகு போட்டா வாந்தியிலேயே போயிரும். அம்மை வேற மாத்திரை எதுவும் சாப்பிட்டா டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடுங்க, தூக்கம் வரும். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம், ரெண்டு இட்லி போதும்.

டிக்கெட்ல எந்தத் துறைன்னு பார்த்துட்டு ஆட்டோ ஏறுங்க. ஹாடோவும் பீனிக்ஸ் பேயும் வேற வேற இடம். ஒரு மணி நேரம் முன்னாடியே அங்க இருக்கணும், பிள்ளைகளுக்கும் சேர்த்து எல்லாருடைய அசல் அடையாள அட்டையும் கையில வேணும். ஹேவ்லாக்லயும் நீல்லயும் ஏடிஎம் குறைவு, நெட்வொர்க் போனா ஜிபேயும் போகாது, மூணு நாளைக்கு வேண்டிய ரொக்கத்தைப் போர்ட் பிளேர்லயே எடுத்துருங்க.

திரும்பும்போது பிள்ளைங்க பையை நீங்களே ஒரு தடவை தட்டிப் பாருங்க. கரையில கிடந்த செத்த பவளத் துண்டுனாலும் எடுத்து வரக் கூடாது, பவளம் வன உயிரினச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, விமான நிலைய எக்ஸ்ரேயில தெரிஞ்சிரும். சங்கு, சிப்பிப் பொருள் வாங்கினா உரிமம் உள்ள கடையில வாங்கி, பில்லைப் பெட்டிக்குள்ள வைக்காம கையிலேயே வச்சிருங்க.

முட்டம்_அலை

ஒண்ணு விட்டுப்போச்சு. மகள் டைவுக்குப் புதன் காலையில முதல் தொகுதியைக் கேளுங்க. மதியத்துக்கு மேல காத்து ஏறினா தண்ணி கலங்கும். அன்னைக்குக் காலையில அவளுக்குப் பால் குடுக்க வேண்டாம், பழமோ ரொட்டியோ லேசா எதாவது போதும்.